முதல் செமஸ்டர் பைத்தான்: கீபோர்டைத் தொடும் முன் போட வேண்டிய அட்டவணை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் பொறியியல் சேர்ந்த யாரும் முதல் செமஸ்டரில் தப்பிக்க முடியாத பாடம் ஒன்று உண்டு: ‘பிராப்ளம் சால்விங் அண்ட் பைத்தான் புரோகிராமிங்’. குறியீடு ஜிஇ3151. தியரிக்கு 3 கிரெடிட்; கூடவே வரும் லேபுக்கு, ஜிஇ3171, 2 கிரெடிட். சிவிலோ மெக்கானிக்கலோ இசிஇயோ, சிலபஸ் ஒன்றுதான். பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்து ஏற்கெனவே பைத்தான் பார்த்தவரும், பயாலஜி குரூப்பிலிருந்து வந்து சதுர அடைப்புக்குறி எந்தக் கீயில் இருக்கிறது என்று துழாவுகிறவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இருவரும் தடுக்கி விழுகிற இடங்களும் பெரும்பாலும் ஒன்றேதான்.

ஐந்து யூனிட்டில் முதல் யூனிட் முழுக்க அல்காரிதம் (படிப்படியான செய்முறை), சூடோகோடு (அதைப் புரோகிராம் போன்ற வாக்கியங்களில் எழுதுவது), ஃப்ளோசார்ட்தான். பைத்தான் இரண்டாம் யூனிட்டில்தான் தொடங்குகிறது. அதனாலேயே முதல் யூனிட்டைப் பலர் மனப்பாடத் தியரியாக நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள். லேபில் இது இன்னும் மோசம். ரெக்கார்டு நோட்டில் நோக்கம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்று ஒரு வரிசை இருக்கிறது. நடப்பதோ தலைகீழ்: சீனியரின் ரெக்கார்டிலிருந்து புரோகிராம் வருகிறது, அவுட்புட் வந்ததும் அதே புரோகிராமை வரிக்கு வரி வாக்கியமாக்கி ‘ஸ்டெப் 1: ஸ்டார்ட்’ என்று அல்காரிதம் எழுதப்படுகிறது. அப்படி எழுதிய அல்காரிதத்தால் ஒரு பயனும் இல்லை.

நான் சொல்ல வருவது ஒரே ஒரு பழக்கத்தை: டிரை ரன். பேப்பரில் ஓர் அட்டவணை போட வேண்டும். ஒவ்வொரு மாறிக்கும் (வேரியபிளுக்கும்) ஒரு பத்தி, ஓடுகிற ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிடை வரிசை. வரி ஓடியபின் மாறியில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும். இந்த சிலபஸில் சறுக்கும் இடங்களில் பெரும்பாலானவற்றை இந்த அட்டவணை காட்டிக் கொடுத்துவிடும். எங்கெங்கே, எப்படி என்பதுதான் மீதிப் பதிவு. மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைத்திருக்கிறேன். பைத்தான் 3 அதை ஏற்றுக்கொள்ளும். கீவேர்டுகளை மட்டும் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு, இரண்டு மாறிகளின் மதிப்பை மாற்றிக்கொள்வது.

வரி | அ | ஆ
தொடக்கம் | 5 | 7
அ = ஆ | 7 | 7
ஆ = அ | 7 | 7

இரண்டாம் வரிசையிலேயே 5 தொலைந்துவிட்டது. மூன்றாவது மாறி ஏன் வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. பைத்தானில் ‘அ, ஆ = ஆ, அ’ என்று ஒரே வரியில் முடிக்கலாம். அது வேலை செய்யக் காரணம், வலப்பக்கம் முழுவதும் முதலில் கணக்கிடப்பட்டு (7, 5) என்ற டூப்பிளாகிறது (மதிப்புகளின் தொகுப்பாகிறது), அதன் பிறகுதான் இடப்பக்கம் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பது இந்த வரிசையைத்தான். ‘என்’ (n) எண்ணிக்கையிலான மாறிகளைச் சுழற்றுவதும் இதே குடும்பம்: ப = [10, 20, 30, 40] என்றால் ப[1:] + ப[:1] என்பது [20, 30, 40, 10]. இதை லூப்பில் ப[0] = ப[1], ப[1] = ப[2] என்று நகர்த்திக்கொண்டே போனால், கடைசி இடத்துக்கு வரும்போது 10 எங்கும் இருக்காது. அட்டவணை போட்டவர்கள் முதல் வரிசையிலேயே அதைப் பார்த்துவிடுவார்கள்.

அட்டவணையில் மதிப்போடு அதன் வகையையும் எழுதுங்கள். ‘இன்புட்’ எப்போதும் ஸ்ட்ரிங்கைத்தான் (எழுத்துத் தொடரைத்தான்) தரும். பயனர் 5 என்று அடித்தாலும் மாறிக்குள் இருப்பது '5'. அப்போது '5' + '3' என்பது '53'. '5' * 3 என்பது '555'. இரண்டும் எரர் அடிக்காது, தவறான விடையைச் சத்தமில்லாமல் தரும். '5' - '3' என்றால்தான் டைப் எரர் வரும். எரர் வருவது நல்ல சகுனம், அது இடத்தைக் காட்டுகிறது. பயப்பட வேண்டியது எரர் வராத தவறுக்கு. மேற்கோள் குறிகளை அட்டவணையிலும் விடாமல் எழுதும் பழக்கம் இருந்தால் இந்த இடத்தில் நேரம் வீணாகாது.

எண்களிலும் சில இடங்களை முன்பே தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 7 // 2, அதாவது முழு எண் வகுத்தல், 3. -7 // 2 என்பது -3 அல்ல, -4. பைத்தான் எப்போதும் கீழ்நோக்கித்தான் முழுமையாக்கும். அதனால் -7 % 2, அதாவது வகுத்த மீதி, 1. சி மொழி தெரிந்தவர்கள் இங்கே தவறுவார்கள், அங்கே விடை -3, -1. 2 ** 3 ** 2 என்பது 64 அல்ல, 512. அடுக்கு வலமிருந்து இடமாகக் கணக்கிடப்படும். -2 ** 2 என்பது -4, ஏனென்றால் அடுக்குக்குப் பிறகுதான் கழித்தல் குறி. 0.1 + 0.2 என்பது 0.30000000000000004, இது பைத்தானின் கோளாறு அல்ல. இரும எண்ணில் 0.1ஐ முழுமையாக எழுத முடியாது. ரீடெய்ல் பில் புரோகிராமில் தொகையைப் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு கடைசியில் 100ஆல் வகுத்துக் காட்டுவது பாதுகாப்பு. ரவுண்ட் ஃபங்ஷனை நம்பி இறங்கினால் 2.5க்கு 2ம் 3.5க்கு 4ம் கிடைக்கும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அது இரட்டைப்படை எண்ணுக்குத்தான் தள்ளும்.

லேபின் முதல் பயிற்சியிலேயே மின்கட்டணக் கணக்கு வருகிறது. இதை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது, கண்டிஷன் எழுதுவதன் முழுப் பாடமும் இதற்குள் இருக்கிறது. வகுப்புக்காக ஒரு கற்பனைக் கட்டணம் வைத்துக்கொள்வோம்: முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய், 201 முதல் 500 வரை 3 ரூபாய், அதற்கு மேல் 6 ரூபாய். 250 யூனிட்டுக்கு எவ்வளவு? பலர் 250 * 3 என்று 750 போடுவார்கள். சரியான விடை 0 + 100 * 2 + 50 * 3, அதாவது 350. ஒவ்வோர் அடுக்கிலும் அந்த அடுக்குக்குள் விழுந்த யூனிட்டுக்கு மட்டும்தான் அந்த விலை.

புரோகிராம் எழுதும் முன் எல்லை எண்களுக்குக் கையால் விடை எழுதி வையுங்கள்: 0க்கு 0, 100க்கு 0, 101க்கு 2, 200க்கு 200, 201க்கு 203, 500க்கு 1100, 501க்கு 1106. இந்த ஏழும் சரியாக வந்தால் நடுவில் உள்ள எண்கள் தவறுவது அரிது. ‘<’ போட வேண்டிய இடமா ‘<=’ போட வேண்டிய இடமா என்ற சந்தேகத்தை இந்தப் பட்டியல் தீர்த்துவைக்கும்; அதைவிட, அடுக்கின் ஆரம்ப எண்ணை 100 என்று கழிப்பதா 101 என்று கழிப்பதா என்ற குழப்பத்தை 101 என்ற ஒற்றைச் சோதனையே போக்கிவிடும். 101லிருந்து 101ஐக் கழித்தவருக்கு விடை 0 வரும், அங்கேயே பிடிபடும். எட்டாவதாக -5 கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான ரெக்கார்டு புரோகிராம்கள் அதற்கும் நிதானமாக ஒரு பில் போட்டுக் கொடுக்கும்.

நம் மின்வாரியத்தின் உண்மையான வீட்டுக் கட்டணம் இதைவிடச் சிக்கல். இரண்டு மாத நுகர்வு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலடுக்குக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழடுக்குகளின் கணக்கும் மாறுகிறது. அதை அப்படியே எழுத வேண்டுமென்றால் ‘500க்குள்ளா, மேலா’ என்று முதலில் ஒரு கிளை, ஒவ்வொரு கிளைக்குள்ளும் தனி அடுக்குகள் தேவை. ஃப்ளோசார்ட் வரையும்போது முடிவெடுக்கும் வைர வடிவம் எங்கே முதலில் வர வேண்டும் என்று யோசிக்க வைக்கும் நல்ல பயிற்சி. வாரியத் தளத்தில் இருக்கும் அட்டவணையை எடுத்து ஒருமுறை முயன்று பார்க்கலாம், வீட்டு பில்லோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வசதியும் இருக்கிறது.

லூப்புக்கு வருவோம். ஒரு லிஸ்டில் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பது முதல் யூனிட்டிலேயே இருக்கிறது. ‘சிறியது = 0’ என்று தொடங்கினால் எல்லாம் மதிப்பெண்களாக இருக்கும் லிஸ்டில் விடை எப்போதும் 0. பெரிய எண்ணைத் தேடும்போது அதே 0 பல நாள் பிழையில்லாமல் ஓடும். குளிர்பிரதேச வெப்பநிலை போல எல்லா எண்களும் மைனஸாக இருக்கும் நாளில்தான் குட்டு வெளிப்படும். லிஸ்டின் முதல் உறுப்பை வைத்துத் தொடங்குவது ஒன்றே சரி. ரேஞ்ச்(1, 10) என்பது 9ல் நின்றுவிடும், இதை எல்லோரும் படித்திருப்பார்கள், ஆனாலும் மறப்பார்கள். லூப்பின் முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் அட்டவணையில் எழுதினாலே போதும்; நடுவில் உள்ள தொண்ணூறு சுற்றை எழுத வேண்டியதில்லை.

வர்க்கமூலம் காணும் நியூட்டன் முறை சிலபஸின் அழகான கணக்குகளில் ஒன்று. ஒரு யூகம் எடுத்துக்கொண்டு, யூகம் = (யூகம் + எண் / யூகம்) / 2 என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எண் 2, தொடக்க யூகம் 1 என்றால்:

சுற்று 1: 1.5
சுற்று 2: 1.416667
சுற்று 3: 1.414216
சுற்று 4: 1.414214

நான்கே சுற்றில் ஆறு தசம இடம் சரி. ஒவ்வொரு சுற்றிலும் சரியான இலக்கங்கள் ஏறத்தாழ இரட்டிப்பாகின்றன. எங்கே நிறுத்துவது என்பதில்தான் வில்லங்கம். ‘யூகம் * யூகம் == எண் ஆகும் வரை’ என்று எழுதினால் 2க்கு லூப் நிற்கவே நிற்காது. கணினியால் வைத்துக்கொள்ள முடிந்த மிக நெருங்கிய மதிப்பு 1.4142135623730951, அதை வர்க்கப்படுத்தினால் 2.0000000000000004 வரும். ஆகவே வித்தியாசம் 0.000001க்குக் கீழே இறங்கியதும் நிறுத்தச் சொல்ல வேண்டும், அந்த வித்தியாசத்தை, மைனஸ் குறியை நீக்கும் ‘ஆப்ஸ்’ போட்டு எடுக்க வேண்டும். ஆப்ஸ் இல்லாவிட்டால் வித்தியாசம் மைனஸாகி, முதல் சுற்றிலேயே நின்றுவிடும் வாய்ப்பு உண்டு. யாராவது -1 கொடுத்தால்? 1லிருந்து தொடங்கிய யூகம் முதல் சுற்றில் 0 ஆகும், அடுத்த சுற்றில் ஜீரோ டிவிஷன் எரர். லூப்புக்குள் நுழையும் முன்பே மைனஸ் எண்ணைத் திருப்பி அனுப்ப ஒரு இஃப் போதும்.

ஜிசிடிக்கு (இரு எண்களின் மீப்பெரு பொது வகுத்திக்கு) யூக்ளிட் முறையின் அட்டவணை இன்னும் சின்னது: (48, 18), (18, 12), (12, 6), (6, 0), விடை 6. ‘பெரிய எண் முதலில் வர வேண்டும்’ என்று இதற்கு முன்னால் ஓர் இஃப் எழுதுகிறார்கள். வேண்டியதில்லை. (18, 48) கொடுத்துப் பாருங்கள்: 18 % 48 என்பது 18, எனவே அடுத்த ஜோடி (48, 18). முதல் சுற்றே இடத்தை மாற்றிக் கொடுத்துவிடுகிறது.

நடு எண்ணைப் பார்த்துப் பாதி லிஸ்டைக் கழித்துக்கொண்டே தேடும் பைனரி சர்ச்தான் இந்தப் பாடத்தில் அதிகம் மனப்பாடம் செய்யப்படுவது, அதிகம் தவறுவதும் அதுவே. லிஸ்ட் ஏறுவரிசையில் இருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை. வரிசைப்படுத்தாத லிஸ்டில் எரர் வராது, இருக்கும் எண்ணையே ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். இந்த ஏழு எண்களை எடுத்துக்கொள்வோம்: [11, 23, 35, 47, 59, 62, 78]. இன்டெக்ஸ் 0 முதல் 6. நடு = (கீழ் + மேல்) // 2. நடு எண் சிறியதாக இருந்தால் கீழ் = நடு + 1, பெரியதாக இருந்தால் மேல் = நடு - 1.

அந்த +1ஐ மறந்து ‘கீழ் = நடு’ என்று எழுதிவிட்டார் என்று வையுங்கள். 62ஐத் தேடினால் நடு 3, 4, 5 என்று நகர்ந்து கிடைத்துவிடும். புரோகிராம் சரி என்று ரெக்கார்டில் அவுட்புட் ஏறிவிடும். இப்போது 78:

கீழ் | மேல் | நடு | நடுவில் உள்ள எண்
0 | 6 | 3 | 47
3 | 6 | 4 | 59
4 | 6 | 5 | 62
5 | 6 | 5 | 62
5 | 6 | 5 | 62

நான்காம் வரிசையும் ஐந்தாம் வரிசையும் ஒன்றேதான். அட்டவணையில் ஒரு வரிசை அப்படியே திரும்ப வந்தால் லூப் இனி என்றைக்கும் நிற்காது. கம்ப்யூட்டர் முன்னால் இதே தவறு ‘ஹேங் ஆயிடுச்சு சார்’ என்று மட்டும்தான் தெரியும்.

இன்னொரு வகைத் தவறு, லூப் நிபந்தனையில் ‘கீழ் <= மேல்’ என்பதற்குப் பதில் ‘கீழ் < மேல்’ என்று எழுதுவது. +1, -1 எல்லாம் சரியாக இருந்தும் 78 கிடைக்காது: கீழ் 4, மேல் 6, நடு 5, அடுத்து கீழ் 6, மேல் 6. இன்னும் பார்க்காத ஓர் எண் மிச்சமிருக்கும்போதே லூப் முடிந்துவிடுகிறது. 11க்கும் அதே கதி. எனவே தேடலைச் சோதிக்கும்போது முதல் எண், கடைசி எண், நடு எண், லிஸ்டில் இல்லாத சிறிய எண், இல்லாத பெரிய எண், காலி லிஸ்ட் என்று ஆறையும் கொடுத்துப் பார்ப்பது குறைந்தபட்சம். இவ்வளவு பாடுபட்டால் பலன் பெரிது: ஆயிரம் எண்களில் அதிகபட்சம் 10 முறை பார்த்தால் போதும், பத்து லட்சத்தில் 20.

ஃபங்ஷன் பகுதியில் ஒரே குழப்பம்தான் முக்கால்வாசி மதிப்பெண்ணைத் தின்கிறது: பிரிண்ட் செய்வதும் ரிட்டர்ன் செய்வதும் ஒன்று என்று நினைப்பது. ‘இரட்டை’ என்ற ஃபங்ஷன் உள்ளே 10 என்று பிரிண்ட் மட்டும் செய்கிறது, ரிட்டர்ன் இல்லை. க = இரட்டை(5) என்றால் திரையில் 10 தெரியும், ஆனால் க என்ற பத்தியில் எழுத வேண்டியது ‘நன்’ (None), அதாவது மதிப்பு எதுவும் இல்லை. அடுத்த வரியில் க + 1 என்று வந்ததும் நன்டைப் என்ற சொல்லோடு டைப் எரர். ஃபங்ஷனுக்குத் தனி அட்டவணை போடுங்கள், அழைக்கும்போது புதிதாக வரைந்து, முடிந்ததும் அடித்துவிடுங்கள். லோக்கல், குளோபல் எல்லாம் அதிலேயே விளங்கும். வெளியே மொத்தம் = 0 என்று வைத்துவிட்டு உள்ளே மொத்தம் = மொத்தம் + 5 என்று எழுதினால் அன்பவுண்ட் லோக்கல் எரர் வரும். ஃபங்ஷனுக்குள் எங்காவது ஒரு பெயருக்கு மதிப்புக் கொடுத்தால் அந்தப் பெயர் அந்த ஃபங்ஷன் முழுவதற்கும் லோக்கல், உள் அட்டவணையில் அதற்கு இன்னும் மதிப்பு இல்லை. குளோபல் என்று அறிவித்துத் தப்பிக்கலாம்தான். பாராமீட்டராக உள்ளே அனுப்பி ரிட்டர்னாக வாங்குவதே ஒழுங்கு.

ரிகர்ஷனும், அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைப்பதும், அதே அட்டவணைதான், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. ஃபேக்டோரியலில் நிறுத்தும் நிபந்தனையை ‘எண் == 1’ என்று மட்டும் எழுதினால் 4க்கும் 5க்கும் சரியாக வரும். 0 கொடுத்தால் 0, -1, -2 என்று இறங்கிக்கொண்டே போய், பைத்தானின் வழக்கமான ஆழ வரம்பான 1000ஐ எட்டியதும் ரிகர்ஷன் எரர். ஹனாய் கோபுரம் 1883ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் எட்வார்ட் லூக்கா வெளியிட்ட, தட்டுகளை ஒவ்வொன்றாக வேறு கம்பத்துக்கு மாற்றும் புதிர். 3 தட்டுக்கு 7 நகர்வு, 4க்கு 15, 10க்கு 1023. நொடிக்கு ஒரு நகர்வு என்றால் 64 தட்டுக்குச் சுமார் 58,500 கோடி ஆண்டுகள். லேபில் 3, 4 தட்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

நான்காம் யூனிட்டில் அட்டவணையின் வடிவத்தைச் சற்று மாற்ற வேண்டும். லிஸ்டை மாறியின் பத்திக்குள் எழுதாதீர்கள். தனியாக ஒரு பெட்டி வரைந்து அதில் லிஸ்டை எழுதி, மாறியிலிருந்து அம்புக்குறி போடுங்கள். அ = [1, 2, 3] என்றால் ஒரு பெட்டி, ஓர் அம்பு. ஆ = அ என்றால் புதுப் பெட்டி வராது, அதே பெட்டிக்கு இரண்டாவது அம்பு. ஆவில் 4ஐச் சேர்த்தால் அவிலும் 4 தெரியும். ஆ = அ[:] என்றால்தான் புதுப் பெட்டி. அலியாசிங், குளோனிங் என்று 13 மார்க் கேள்வியில் கேட்பது இந்தப் படத்தைத்தான். படத்தோடு எழுதினால் விடை பாதி நீளத்தில் முடிந்துவிடும்.

3க்கு 3 மேட்ரிக்ஸை [[0] * 3] * 3 என்று உருவாக்குகிறவர்கள் ஒரு மூலையில் 5 வைத்தால் மூன்று வரிசையிலும் 5 வந்து நிற்கும். காரணம் மூன்று அம்பும் ஒரே பெட்டிக்குப் போவது. ‘சார்ட்’ மெதட் லிஸ்டை இருந்த இடத்திலேயே அடுக்கிவிட்டு நன்னைத் திருப்பித் தரும்; மார்க் = மார்க்.சார்ட்() என்று எழுதினால் மதிப்பெண் பட்டியல் மொத்தமும் கையை விட்டுப் போகும். லூப் ஓடும்போதே அதே லிஸ்டிலிருந்து நீக்குவதும் ஆபத்து. [2, 4, 6, 7]ல் இரட்டை எண்களை அப்படி நீக்கினால் மிஞ்சுவது [4, 7]. 2 போனதும் 4 இன்டெக்ஸ் 0க்கு நகர்ந்துவிடுகிறது, லூப் இன்டெக்ஸ் 1க்குப் போய் 6ஐப் பிடிக்கிறது. டிக்‌ஷனரியில் எழுத்து எண்ணிக்கை போடும்போது முதன்முறை வரும் எழுத்துக்குக் கீ எரர் வரும். கெட் மெதடில் 0ஐ இயல்பு மதிப்பாகக் கொடுத்தால் தீர்ந்தது.

ஸ்ட்ரிங் பயிற்சியில் பாலிண்ட்ரோம் (திருப்பிப் படித்தாலும் அதே சொல்) உண்டு. ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போட்டு ஒப்பிடு என்று இரண்டு வரியில் முடியும். அதில் ‘விகடகவி’ கொடுத்துப் பாருங்கள், ‘பாலிண்ட்ரோம் இல்லை’ என்று சொல்லும். பைத்தான் எண்ணுவது நம் எழுத்துகளை அல்ல, யூனிகோடு குறியீடுகளை. ‘வி’ என்பது வகரம் ஒன்று, இகரக் குறி ஒன்று என இரண்டு. திருப்பினால் இகரக் குறி முதலில் வந்துவிடுகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 3 அல்ல, 5 என்று வருவதும் இதனால்தான். தீர்வுக்கு அல்காரிதமே வேண்டும்: ஸ்ட்ரிங்கை இடமிருந்து படித்துக்கொண்டே வந்து, வருவது உயிர்க்குறியோ புள்ளியோ என்றால் முந்தைய உறுப்போடு ஒட்டு, இல்லையென்றால் லிஸ்டில் புது உறுப்பாகச் சேர். பிறகு அந்த லிஸ்டைத் திருப்பி ஒப்பிடு. ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இதற்கு ஆயத்த ஃபங்ஷன் இருக்கிறது, ஆனால் நாமே எழுதினால் பத்து வரிதான், ஸ்ட்ரிங்கும் லிஸ்டும் கண்டிஷனும் ஒரே கணக்கில் வந்துவிடும். சிலபஸில் இல்லாவிட்டாலும் நம் பிள்ளைகளுக்கு இதைத்தான் கொடுப்பேன்.

ஐந்தாம் யூனிட்டில் புரோகிராம்கள் எளிது, சுற்றியிருக்கும் சங்கதிகள்தான் படுத்தும். ஒரு டெக்ஸ்ட் ஃபைலுக்கு மார்க்ஸ்.டிஎக்ஸ்டி என்று பெயர் மாற்றினால், விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைக்கும் இயல்பில் அது மார்க்ஸ்.டிஎக்ஸ்டி.டிஎக்ஸ்டி ஆகக்கூடும், புரோகிராம் ‘ஃபைல் நாட் ஃபவுண்ட்’ என்று நிற்கும். ஃபைலின் பாத்தில் (இருப்பிட முகவரியில்) பேக்ஸ்லாஷை அப்படியே எழுதினால் அதற்குப் பின்வரும் சிறிய ‘என்’ புது வரியாகும், ‘டி’ டேபாகும், பெரிய ‘யு’ வந்தால் யூனிகோடு எரர். முன்சாய்வுக் கோடு போட்டு எழுதினால் விண்டோஸிலும் வேலை செய்யும். ஒரு ஃபைலை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டு மறுபடி ‘ரீட்’ போட்டால் காலி ஸ்ட்ரிங்தான் வரும், படிக்கும் இடம் கடைசிக்குப் போய்விட்டது. வார்த்தை எண்ணிக்கையும் வரி எண்ணிக்கையும் ஒரே புரோகிராமில் கேட்டால் பலருக்கு இரண்டாவது 0 வருவது இதனால். ‘டபிள்யு’ மோடில் திறந்த கணமே பழைய உள்ளடக்கம் அழிந்துவிடும், ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை. காப்பி புரோகிராமில் இரண்டு ஃபைல் பெயரையும் மாற்றிக் கொடுத்தவர்கள் மூலத்தையே இழப்பார்கள். தமிழ்க் கோப்பு என்றால் என்கோடிங் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் குறிப்பிடுங்கள்.

வாக்காளர் வயதுச் சோதனையில் எரரைப் பிடிக்க டிரை, எக்ஸெப்ட் போடும்போது எக்ஸெப்டுக்குப் பக்கத்தில் வேல்யூ எரர் என்று பெயர் எழுதுங்கள். பெயரில்லாத எக்ஸெப்ட், மாறியின் பெயரில் செய்த எழுத்துப்பிழையைக்கூட விழுங்கிவிட்டு ‘தவறான வயது’ என்று பயனர்மேல் பழி போடும். '18.5' கொடுத்தாலும் இன்ட் வேல்யூ எரர்தான் தரும். '௧௮' கொடுத்தால் 18 என்று ஏற்றுக்கொள்ளும், பைத்தானுக்குத் தமிழ் எண்கள் தெரியும்! மதிப்பெண் எல்லைச் சோதனைக்கு 0 <= ம <= 100 என்று கணிதத்தில் எழுதுவதுபோலவே எழுதலாம். ‘ம >= 0 ஆர் (or) ம <= 100’ என்று எழுதினால் எந்த எண்ணுக்கும் உண்மைதான், 450 மார்க்கும் செல்லுபடியாகும்.

செமஸ்டர் தேர்வு 100 மதிப்பெண்: பார்ட் ஏ பத்து இரண்டு மார்க், பார்ட் பி ஐந்து 13 மார்க், பார்ட் சி ஒரு 15 மார்க். கம்ப்யூட்டர் இல்லாமல் பேப்பரில் புரோகிராம் எழுத வேண்டும், எனவே டிரை ரன் அங்கே ஒன்றே துணை. 13 மார்க் விடையில் புரோகிராமுக்குக் கீழே ஒரு மாதிரி உள்ளீட்டுக்கு அட்டவணை போட்டுக் காட்டுவது, இரண்டு பக்கத் தியரியைவிடத் திருத்துபவருக்குத் தெளிவாகத் தெரியும். கையெழுத்தில் இன்டென்டேஷன் (வரிகளின் முன்வெளி) கலைந்துபோகும் என்று பயமிருந்தால் பென்சிலால் மெல்லிய நெடுக்குக் கோடுகள் இழுத்துக்கொள்ளுங்கள்.

லேப் தேர்வில் எரர் வந்தால் செய்தியைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும்: கடைசி வரி என்ன எரர் என்று சொல்லும், அதற்கு மேலே எந்த வரி என்று இருக்கும். சின்டாக்ஸ் எரர் காட்டும் வரியில் ஒன்றும் தவறில்லை என்றால் அதற்கு முந்தைய வரியில் மூடாத அடைப்புக்குறியைத் தேடுங்கள். பைத்தான் 3.10லிருந்து எந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை என்று செய்தியே சொல்லிவிடும்; லேப் மெஷின்களில் பழைய பதிப்பு இருந்தால் அடுத்த வரியைத்தான் குற்றம் சொல்லும். பார்ப்பதற்கு நேராக இருந்தும் டேப் எரர் வந்தால், ஒரே பிளாக்குக்குள் டேபும் ஸ்பேஸும் கலந்திருக்கும். அந்த வரிகளின் முன்வெளியை முழுக்க அழித்துவிட்டு நான்கு நான்கு ஸ்பேஸாக மறுபடி வையுங்கள். நம்பை (numpy என்ற பைத்தான் நூலகம்) பயிற்சிக்கு உங்கள் ஃபைலுக்கே நம்பை என்று பெயர் வைத்துவிட்டால் இம்போர்ட் நூலகத்துக்குப் போகாமல் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொள்ளும். பயிற்சி எண்ணோடு சேர்த்து ‘இஎக்ஸ்8’ என்பதுபோல் பெயர் வைத்தால் இந்தத் தொல்லை கிடையாது.